என் மகள் கிழிக்காத பக்கம்

போன வாரம் மஸ்கட்டில் விமானம் ஏறி, இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததோடு விட்டிருந்தேன். இந்த வாரம் சென்னையில் இறங்கியாக வேண்டும். இறங்கியதைப் பற்றி எழுதத்தான் பயம். அதனால்தான் மூன்று வாரமாக ஐஸ் ஃபேக்டரி, சூரை மீன், ஒட்டகம் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். பெரியவள் தர்ஷினி கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, நீ ஏர்போர்ட்ட எழுதாம தள்ளினே போற" என்றாள்.

எழுதுகிறேன். இந்த வாரம் எழுதுவது சின்னவளுக்கு. யாழு, இது உனக்குத்தான். மற்றவர்கள் கூட இருந்து படிக்கலாம்.

கட்டைவிரல்

காலை நேரம். கவுண்டரில் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதி, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் பாதி குடித்த காபி. என் பாஸ்போர்ட்டை வாங்கினார். முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் பக்கங்களை விர்ரென்று தள்ளினார்.

அந்த விரலை எனக்குத் தெரியும். ஒரகடத்தில் பதினோரு வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் நான். கார் இருக்கைக்கு அடியில் வருகிற இரும்பு பிராக்கெட் எங்கள் லைனில் செய்வோம். ஒரு பெட்டியில் ஒரு பீஸ் குறைந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். கண் அப்புறம்தான் பார்க்கும்.

அவருடைய விரல் நடுவில் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

பாஸ்போர்ட்டைக் கவிழ்த்து மெல்ல உதறினார். ஒரு தாள் தனியாகக் கழன்று, காபி டம்ளர் பக்கத்தில் விழுந்தது.

"இது இங்க கெடக்குது. இன்னொன்னு எங்கப்பா?"

"சார்?"

"முப்பத்தாறு பக்கம் இருக்கணும். ரெண்டு பக்கம் இல்ல. எங்க?"

நான் கிழித்தேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். வாயில் வந்தது வேறு.

"சின்னப் பொண்ணு சார். வீட்ல கிழிச்சிடுச்சு."

"பேரு?"

"யாழினி."

"வயசு?"

"மூணு."

யாழு, உனக்கு அப்போது ஏழு. ஏழு வயதுப் பிள்ளை பாஸ்போர்ட்டைக் கிழிக்காது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று உன் வயதில் நான்கு வருடத்தைக் குறைத்தேன். உன் பிறந்த நாளுக்குப் பக்கத்தில் இல்லாதவன், வயதைக் குறைக்க மட்டும் வந்து நின்றேன்.

தெரிந்தேதான் போனேன்

கிழிக்கிற மாதிரி அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் நின்று லைனை மூடினார்கள். நாற்பது வயதில் வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றால், பத்தொன்பது வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அவர்களைத்தான் எடுத்தார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழை வைத்து மஸ்கட்டுக்குப் போனேன். அங்கே வேலை நான்கு மாதத்தில் முடிந்தது. எல்லையைத் தாண்டி ஏமனில், கடற்கரை ஊர் ஒன்றில், மீனுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரியில் ஃபிட்டர் வேண்டும் என்றார்கள்.

ஏமனில் சண்டை. நம் பாஸ்போர்ட்டில் அங்கே போகக் கூடாது என்று நம் அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. தெரியாமல் போய்விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். தெரிந்தேதான் போனேன்.

வீட்டில் மஸ்கட் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் ஜன்னல் தெரியாதபடி சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவேன். ஒரு நாள் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் படபடவென்று கேட்டது.

"இன்னாப்பா அது சத்தம்?"

"கல்யாணம்டா. இங்க கல்யாணம்னா துப்பாக்கியில வெடி வெடிப்பாங்க."

அது முழுப் பொய் இல்லை. அந்த ஊரில் கல்யாணத்துக்கும் சுடுவார்கள். அன்று கல்யாணம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த வாரமும் கேட்டது. அதற்கு அடுத்த வாரமும் கேட்டது. "அங்க டெய்லி கல்யாணமாப்பா?" என்றாய். உன் அம்மா தனம் உனக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் படகுத் துறையில் குண்டு ஒன்று விழுந்தது. அன்று நாங்கள் உடைத்த ஐஸ் மீனுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் இடம் இல்லாததால் எங்கள் ஃபேக்டரிக்குக் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்தினார்கள். அவர்களைச் சுற்றித்தான் உடைத்துப் போட்டோம். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். வந்துவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

எச்சில் தொட்டு

கூட இருந்தவர் சுயம்பு அண்ணன், நாகர்கோவில் பக்கம். அவர்தான் சொன்னார்.

"மக்கா, அந்த ஏமன் சீல வச்சிட்டு நீ சென்னையில எறங்குனியன்னா பாஸ்போர்ட்டு அவனுக்கு, பட்டை நாமம் ஒனக்கு. கிழிச்சுப் போட்டுரு. நான் போன தடவ அப்படித்தான் எறங்குனேன். ஒரு பய கேக்கல."

"கண்டுபிடிச்சா, அண்ணே?"

"எவன் ஒக்காந்து எண்ணப் போறான்?"

அவர் வேறு விமானத்தில் வேறு ஊருக்குப் போனார். இன்றுவரை அவருடைய எண் அணைந்தே கிடக்கிறது.

மஸ்கட் விமான நிலையத்தில், அந்த ஊர்க்காரர்கள் சீல் குத்தி அனுப்பிய பிறகு, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டேன். ஏமனுக்குள் போன சீலும் வெளியே வந்த சீலும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தத் தாளைத் தையல் ஓரமாக மடித்தேன். எச்சில் தொட்டுத் தடவினேன். நகத்தால் இரண்டு முறை நீவினேன். மெல்ல இழுத்தேன்.

யாழு, உனக்கு நினைவு இருக்கும். உன் பச்சைக் கத்தரிக்கோல் காணாமல் போன ஒரு நாள், கலர் பேப்பரை எப்படி நேராகக் கிழிப்பது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதே முறைதான். நூல் பிடித்த மாதிரி வந்தது. வேலை சுத்தம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஃபிட்டர் புத்தி.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். பாஸ்போர்ட் நடுவில் தைத்த நோட்டு. முன்னால் ஒரு தாளை எடுத்தால் பின்னால் அதன் மறுபாதிக்குப் பிடிமானம் போய்விடும். நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கப்பல் செய்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த மறுபாதியில் எந்த சீலும் இல்லை. வெறும் தாள். அதுதான் காபி டம்ளர் பக்கத்தில் விழுந்து என்னைக் காட்டிக்கொடுத்தது.

மறுபடி கவுண்டர்

அதிகாரி கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. போறப்ப இங்க பாத்து, முழுசா இருந்துதான் அனுப்பியிருக்காங்க. அப்புறம் பொண்ணு எப்பக் கிழிச்சுது? மஸ்கட் வந்து கிழிச்சிட்டுப் போச்சா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"இல்ல சார். அப்பவே லேசாக் கிழிஞ்சிருந்துச்சு. அங்க போனப்புறம் விழுந்திடுச்சு."

ஒரு பொய்க்கு ஒட்டுப் போட இன்னொரு பொய். அதற்கும் உன் பெயர்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே இருந்த அறையைக் கை காட்டினார்.

அங்கே எல்லாவற்றையும் எழுதினார்கள். "எனது மூன்று வயது மகள் யாழினி மேற்படி பக்கத்தைக் கிழித்துவிட்டதாக" என்று எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். உன் ரேங்க் கார்டில் போடுகிற அதே கையெழுத்து.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள். அங்கே எனக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. கெடுதல் நடந்தது வீட்டில்.

பேப்பரில் கைவிரல் நீளத்துக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வடக்குப்பட்டைச் சேர்ந்த ஏழுமலை, பாஸ்போர்ட்டில் பக்கம் கிழித்தவர், மகள் கிழித்ததாகச் சொன்னவர் என்று. பக்கத்து வீட்டு அம்மா அதை வாய்விட்டுப் படித்திருக்கிறார். நீ அங்கே நின்றிருக்கிறாய்.

சிவப்புத் தொட்டி

இங்கே இருதயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனில் ஓரமாக ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். ஒரு பீஸைக் கெடுத்துவிட்டால் அதில் சிவப்பு டேக் கட்டி, கெடுத்தவன் தன் டோக்கன் நம்பரை, அதாவது கம்பெனி அவனுக்குக் கொடுத்த எண்ணை எழுதி, தானே கொண்டுபோய் அந்தத் தொட்டியில் போட வேண்டும். அப்படிப் போட்டவனை யாரும் திட்ட மாட்டார்கள். கெடுத்ததற்கு மன்னிப்பு உண்டு. மறைத்ததற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது.

இருதயராஜ் டிரில்லிங் மெஷினில் இருந்தவர். ஒரு நாள் நான்கு பிராக்கெட்டில் துளை தள்ளிப் போய்விட்டது. அந்த மாதம் ஏற்கெனவே அவருக்கு இரண்டு தடவை ஆகியிருந்தது. டேக்கில் தன் நம்பரை எழுதாமல், வேலையை விட்டுப் போன ஒருவனுடைய நம்பரை எழுதிப் போட்டுவிட்டார். எனக்கு அவருடைய கையெழுத்து தெரியும். ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவார்.

"ஏழுமல, நாலே பீஸுபா. வுட்ரு" என்றார்.

நான் விடவில்லை. சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் லைனில் இல்லை. பிறகு படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். நான் கை காட்டினால் அந்த ஆட்டோ நிற்காது. நானும் கை காட்டுவதை விட்டுவிட்டேன். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. நான் செய்தது சரி என்றுதான் பத்து வருடம் நினைத்திருந்தேன். இப்போதும் அது சரிதான். ஆனால் சரியைச் செய்தவன் எப்போதும் சரியாகவே இருப்பான் என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்துவிட்டிருந்தது. அதுதான் கெட்டது.

ஜாமீனுக்கு ரேஷன் கார்டோடு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். தனத்தின் அண்ணன் ஒருவர். இரண்டாவது ஆளுக்கு அவள் அலையாத வீடு இல்லை. ஊரில் எல்லோருடைய ரேஷன் கார்டும் ஒரே வாரத்தில் தொலைந்துபோயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஜெயில் வாசலில் தனம் நின்றாள். அவளுக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு இருதயராஜ் நின்றார்.

"ஏறு" என்றார். "இன்னா பாக்கற? உனக்கு ஜாமீன் நான்தான். நீ ஓடிப் பூட்டன்னா என் வண்டியப் புடுங்கிப்பானுங்கோ. அதான் நானே இட்டுனு போலாம்னு வந்தேன்."

வண்டி கிளம்பியது. படப்பை நெருங்கும்போது நான்தான் கேட்டேன்.

"எதுக்கு வந்த, இருதயராஜி?"

"உன் பெரிய பொண்ணு என் வண்டிலதான் ஸ்கூலுக்குப் போவுது. அது கேட்டுச்சு. நீ கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பேப்பர்ல படிச்சேன். படிச்சிட்டுச் சிரிச்சேன், இன்னாத்துக்குப் பொய் சொல்லணும். ஏழுமல, டேக்ல அடுத்தவன் நம்பர எழுதனா இன்னா ஆவும்னு எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. நானாவது வேலைய வுட்டுப் போனவன் நம்பரப் போட்டேன். நீ யாருதப் போட்டுக்கீற?"

"வுடுங்கண்ணே" என்றாள் தனம். "இப்பத்தான் வெளிய வந்துக்கீறாரு."

"நான் எப்பவோ வுட்டுட்டேம்மா. அவருதான் என்னை வுடல."

ஞாபகமே வரல

முன்பெல்லாம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் நீ ஓடி வந்து என் சாப்பாட்டுப் பையைத்தான் முதலில் திறப்பாய். கேன்டீனில் கொடுத்த பிஸ்கட் இருக்கும். அன்று வரவில்லை. கதவுக்குப் பின்னால் உன் கால் இரண்டும் மட்டும் தெரிந்தன.

சாயங்காலம் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாய்.

"அப்பா."

"சொல்லுடா."

"நான் எப்பப்பா கிழிச்சேன்? எனக்கு ஞாபகமே வரல."

நான் வெளிநாடு கிளம்பின அன்று நீ அந்தப் பாஸ்போர்ட்டின் அட்டையில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டப் போனாய். "கிழிச்சித் தொலைக்கப் போற, குடு இங்க" என்று அம்மா பிடுங்கினாள். உன் தலையில் அது இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கிழிந்திருக்கும் என்று பதினோரு நாளாக நீயே யோசித்து முடிவு செய்திருந்தாய்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துண்டால் மூடிக்கொண்டு, "விடுடா. அப்பா ஒண்ணும் நெனச்சுக்கல" என்றேன்.

நீ செய்யாத தப்புக்கு நான் உன்னை மன்னித்தேன். நீயும் தலையை ஆட்டிவிட்டுப் போனாய். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமானது பாஸ்போர்ட்டைக் கிழித்தது இல்லை. இதுதான்.

தர்ஷினி அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். "அவ இப்பல்லாம் புக்குல பக்கம் திருப்பறதுக்கே ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருப்பறாப்பா. கிராஃப்ட் பீரியட்ல கையக் கட்டினு ஒக்காந்துக்கீறாளாம். கத்தரிக்கோல் எங்கடின்னா தொலைஞ்சு போச்சுங்கறா."

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பேன். திங்கட்கிழமைதான் ஜாமீன் நிபந்தனைப்படி ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற நாள். போட்டுவிட்டு வரும் வழியில் நினைப்பேன். வீட்டுக்கு வந்ததும் உன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. இப்படி ஒரு வருடம் போனது. கேஸ் இருக்கிறவனை எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடவில்லை. தெற்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற பையன்களின் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிற வேலை பார்த்தேன். மூன்றாவது மாடிக்கு இரண்டு கேன் தூக்கினால் மூச்சு வாங்கும். அந்தப் பையன்கள் எல்லோரும் லைனில் நிற்கிறவர்கள். ஒருவன் கேட்டான், "அண்ணாச்சி, நீங்க கம்பெனிக்குப் போனதே இல்லியா?" நான் இல்லை என்றேன். அதுவும் ஒரு பொய்.

வக்கீல் சொன்ன வழி

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வக்கீல் நல்ல மனிதர். அவர் எனக்காகத்தான் யோசித்தார்.

"நீங்க முதல்லயே சொல்லிட்டீங்க, பொண்ணு கிழிச்சுதுன்னு. அதையே புடிச்சுப் போவோம். வீட்லயே லேசாக் கிழிஞ்சது, அங்க விழுந்திடுச்சு. அந்தப் பக்கத்துல என்ன சீல் இருந்ததுன்னு இவங்க கையில ஒண்ணும் இல்ல. இழுத்து, வெளிய வந்துடலாம். பாஸ்போர்ட் திரும்பக் கேக்கலாம். கம்பெனி வேலைக்கும் தடை இருக்காது. குழந்த மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"ஒத்துக்கினா?" என்று கேட்டாள் தனம்.

"தண்டனைன்னு ஆயிடும்மா. பாஸ்போர்ட்ட மறந்துட வேண்டியதுதான். அந்தத் தண்டனை கூடவே வரும், எந்தக் கேட்டுக்குப் போனாலும்."

பஸ்ஸில் வரும்போது தனம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரகடம் கூட்டுரோடு தாண்டிய பிறகு பேசினாள்.

"நீ உள்ள இருந்தப்ப அவளுக்கு ஜொரம் வந்துச்சு. உன்கிட்ட சொல்லல."

"ம்."

"ஜொரத்துல உளறினா. 'ஒட்டிக் குடுத்துடறேன், எங்கப்பாவ வுட்ருங்கோ'ன்னு. மூணு நாளு அதான்." கையில் இருந்த டிக்கெட்டை மடித்தாள். "பாஸ்போர்ட்டு போனாப் போவட்டும். நீ இன்னோரு தபா மஸ்கட்டுன்னு போயி அங்க டெய்லி கல்யாணம் நடக்கறத நான் கேக்க முடியாது."

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

கோர்ட் கலையும் வரை

அன்று உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கூட்டிப்போனேன். வக்கீல் உன்னைப் பார்த்ததும், "குழந்தைய எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்றார். "அது கேக்கணும் சார்" என்றேன்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் போய்க் கூண்டில் நின்றேன். குற்றத்தைப் படித்தார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒத்துக்கறேம்மா. நான்தான் கிழிச்சேன்."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாராவது மிரட்டிச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. ஏமன் நாட்டுக்குப் போயிருந்தேன். போகக் கூடாதுன்னு தெரியும். அந்த சீல மறைக்கறதுக்குக் கிழிச்சேன். மஸ்கட் ஏர்போர்ட் பாத்ரூம்ல வச்சு என் கையால கிழிச்சேன். என் பொண்ணு கிழிச்சான்னு எழுதியிருக்கு. அது பொய். அவ அதத் தொடக்கூட இல்ல. அந்த எழுத்த எடுத்துடணும்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினத எடுக்க முடியாது. நீங்க இப்பச் சொன்னதையும் எழுதலாம். ரெண்டும் இருக்கும்." பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "எழுதுங்க. மகள் கிழிக்கவில்லை. எதிரியே கிழித்ததாக ஒப்புக்கொள்கிறார்" என்றார். கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன், அதாவது நான். எழுதியவர் அதை ஒரு தடவை சத்தமாகப் படித்தார். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அபராதம் போட்டார். கூடவே கோர்ட் கலையும் வரை சிறை என்றார். அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஜெயிலுக்குப் போக வேண்டாம். அன்றைக்குக் கோர்ட் முடிகிற வரை அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் தண்டனை. பாஸ்போர்ட் இனி இல்லை என்று ஆகிவிட்டது.

சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். திருட்டு கேஸ், அடிதடி கேஸ் என்று வந்துகொண்டே இருந்தது. நீ மெல்ல எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அங்கே நின்ற கான்ஸ்டபிள், "பாப்பா, அது அக்யூஸ்ட் பெஞ்சு. நீ இன்னா கேஸு?" என்றார். நீ பயந்து என் கையைப் பிடித்தாய். அவர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"இதான் ஜெயிலாப்பா?"

"இன்னிக்கு எனக்கு இதான்."

"நானும் இருக்கணுமா?"

"வேணாம்டா. நீ எழுந்து வெளிய போலாம். உனக்கு இதுல ஒண்ணும் இல்ல. அப்பா செஞ்சது. நீ கேட்ட இல்ல, எப்பக் கிழிச்சேன்னு? நீ கிழிக்கவே இல்ல. அதான் உனக்கு ஞாபகம் வரல."

நீ வெளியே போகவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாய். மாஜிஸ்திரேட் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். நீயும் எழுந்து நின்றாய்.

வெளியே இருதயராஜ் வண்டியோடு நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அம்மா முன்னால் ஏறிச் சொன்னாள் போல. "போட்டியா உன் நம்பர?" என்று மட்டும் என்னைக் கேட்டார். போட்டேன் என்றேன். வண்டியைக் கிளப்பினார்.

படப்பை தாண்டுகிற வரை நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு என் முழங்கையைத் தட்டினாய்.

"அப்பா."

"ம்."

"அப்ப, என் கத்தரிக்கோல எடுத்துக்கட்டா?"

"தொலைஞ்சு போச்சுன்னியே?"

"இல்ல. உன் பொட்டில வச்சிருக்கேன். துணிக்கு அடியில."

"அதுல எதுக்கு வச்ச?"

"நீ மறுபடியும் ஊருக்குப் போறப்ப எடுத்துனு போயிடுவன்னு."

இருதயராஜ் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தப் பெட்டியை இழுத்தேன். ஜாமீனில் வந்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. ஜிப்பைத் திறந்ததும் ஐஸ் ஃபேக்டரி மீன் வாடை வந்தது. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினாய்.